காயல் வழியே ஒரு பகல்

நல்ல மழை பெய்த ஆண்டுகளில், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், விருதுநகரிலிருந்தும் திருத்தங்கலிலிருந்தும் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு ஆனைக்குட்டம் அணைக்குப் போய், அர்ச்சுனா நதியின் நீர் தேங்கி நிற்கும் காட்சியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வீடு திரும்புவார்கள். குளிப்பதற்கோ மீன் பிடிப்பதற்கோ அல்லாமல் தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் புறப்பட்டுப் போகிறதென்றால், அந்தப் பிரதேசத்தில் தண்ணீருக்குள்ள மதிப்பை வேறு விதமாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு மலையின் சரிவிலே தோன்றும் அந்த நதி, ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் சீமைக்கருவேலுமாகக் கிடந்து, மழைக்காலத்தில் மட்டும் நதியென்ற பெயருக்கு உரிமை கொண்டாடி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலந்து மன்னார் வளைகுடாவை நோக்கிச் செல்கிறது. இந்த வறட்சிதான் இந்த மண்ணுக்குத் தொழிலையும் கொடுத்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று 1923-இல் சிவகாசிக்குத் திரும்பியபோது, மருந்து காய்வதற்கு ஏற்ற வெயிலும் ஈரமில்லாத காற்றும் இங்கே தாராளமாகக் காத்திருந்தன. பட்டாசும் அச்சுத் தொழிலும் அதைத் தொடர்ந்து வளர்ந்தன.

அந்த அச்சகங்களிலிருந்து வெளிவந்து தமிழ்நாடு முழுவதும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில், நீர்மேல் சாய்ந்த தென்னைகளும் ஓலைக்கூரை வேய்ந்த ஒரு படகுமாக அமைந்த காயல் காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படத்தை அச்சடித்தவர்களிலும், அதற்குத் தகரம் அடித்துக் கட்டுக் கட்டி அனுப்பியவர்களிலும், அந்த இடம் தங்கள் ஊர் ரயில் நிலையத்திலிருந்து ஓர் இரவுப் பிரயாண தூரத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தவர்கள் சொற்பமே. முக்கியமாக அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறேன்.

ஆற்றிலும் விரிகுடாவிலும் மெதுவாகச் செல்லும் படகில் நாட்கணக்காகச் சஞ்சரிப்பது இன்று உலகமெங்கும் ஒரு பெரிய தொழிலாக வளர்ந்திருக்கிறது. எகிப்தில் லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் இடையே நைல் நதியில் இந்தப் பிரயாணத்துக்கு இயற்கையே ஒரு சௌகரியத்தைச் செய்து வைத்திருக்கிறது: நதி வடக்கு நோக்கி ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது, ஆகையால் பாயை விரித்தால் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறலாம், பாயைச் சுருட்டினால் நீரோட்டத்தோடு கீழே இறங்கலாம். வியத்நாமின் ஹா லாங் விரிகுடாவில் கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் சுமார் 1,600 சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்கு இடையே படகுகள் ஊர்ந்து செல்கின்றன. 1994-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்டது. நம் தேசத்திலும் 2023 ஜனவரி 13-ஆம் தேதி வாரணாசியிலிருந்து புறப்பட்ட ‘கங்கா விலாஸ்’ என்னும் கப்பலுக்கு, வங்கதேசத்தின் வழியாக அஸ்ஸாமின் திப்ருகட் வரை 51 நாட்களில் சுமார் 3,200 கிலோமீட்டர் செல்லும்படியும், 27 ஆறுகளைத் தொட்டுச் செல்லும்படியும் பிரயாணம் வகுக்கப்பட்டிருந்தது. அத்தகைய கப்பலில் ஏறுவதற்கு வேண்டிய பணம் லட்சக்கணக்கானது. வாரக்கூலி வாங்கும் குடும்பத்துக்கோ, சிறு கடை வைத்திருப்பவருக்கோ அது எட்டக்கூடியதல்ல. ஆனால் அதே வகையான அனுபவத்தை, அதைவிட உயர்ந்தது என்றுகூட நான் சொல்லுவேன், கேரள அரசாங்கத்தின் நீர்ப் போக்குவரத்துத் துறை எளிய கட்டணத்தில் தருகிறது. கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் இடையே எட்டு மணி நேரம் செல்லும் பகல் படகைத்தான் சொல்கிறேன்.

அந்தப் படகுத்துறைக்குப் போகும் வழியே இந்தப் பிரயாணத்தில் பாதி என்று சொல்லத் தகும். சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் செல்லும் ரயில், விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி ஆகிய ஊர்களைக் கடந்து செங்கோட்டையை அடைந்து, அங்கிருந்து மலையேறுகிறது. 1904-இல் திறக்கப்பட்ட இந்த மலைப்பாதை மீட்டர்கேஜ் தண்டவாளத்தை அகற்றுவதற்காக 2010-இல் மூடப்பட்டு, அகலப்பாதையாகி 2018-இல்தான் மறுபடி முழுமையாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் நம் பக்கத்துக்கும் கொல்லத்துக்கும் இருந்த பழைய உறவு அறுந்து கிடந்தது என்பதை வியாபாரிகளும் ஐயப்ப பக்தர்களும் நன்றாக அறிவார்கள். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து வெளிப்படும் ரயில், ஆரியங்காவையும் பதின்மூன்று கண் பாலத்தையும் தென்மலையையும் கடந்து, கல்லடை ஆற்றின் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. புனலூரில் அந்த ஆற்றின் மேல் 1877-இல் கட்டி முடிக்கப்பட்ட தொங்குபாலம் இன்னும் நிற்கிறது. அந்தக் கல்லடை ஆறு கடைசியில் மன்றோத் துருத்து என்னும் தாழ்ந்த தீவுக்கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் போய் விழுகிறது. ஆகவே, குகையின் இந்தப் பக்கத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகளின் நாட்டை விட்டவர்கள், அந்தப் பக்கத்தில் மேற்கு நோக்கி ஓடும் ஓர் ஆற்றின் துணையோடு அதன் முடிவு வரை செல்கிறார்கள். ஒரே மலைமுகட்டில் விழும் மழை இரண்டாகப் பிரிகிறது. பிரிவினை மட்டும் சமமாக இல்லை. கேரளத்தில் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 3,000 மில்லிமீட்டர். விருதுநகர் மாவட்டத்தில் அது 800 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கிறது.

அஷ்டமுடி எட்டுக் கிளைகளாகப் பிரிந்து நிலத்துக்குள் நுழைந்திருக்கும் காயல். 2002-ஆம் ஆண்டில் வேம்பநாட்டுக் காயலோடு சேர்த்து இதையும் ராம்சர் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவித்தார்கள். இங்கே மட்டிச் சிப்பி எடுப்பவர்கள் கழுத்தளவு நீரில் நின்று காலால் சேற்றைத் துழாவி எடுப்பதைப் படகிலிருந்தே காணலாம். வளம் குன்றாமல் எடுக்கிறார்கள் என்பதற்காக 2014-இல் இந்தச் சிப்பி மீன்பிடிப்பு உலக அளவிலான நற்சான்றைப் பெற்றது, இந்தியாவில் அதுவே முதலாவது. கரையோரத்தில் சீன வலைகள் நீரின் மேல் விரிந்து நிற்கின்றன.

படகுத்துறை கொல்லம் பஸ் நிலையத்தை அடுத்தே இருக்கிறது. காலை 10.30 மணிக்குப் புறப்பட்டு மாலை 6.30 மணிக்கு ஆலப்புழையைச் சேர்வது இந்தப் படகின் நெடுங்கால வழக்கம். பராமரிப்பினாலும் கூட்டக் குறைவினாலும் சேவை நின்று, மறுபடி தொடங்கிய காலங்களும் உண்டாகையால், புறப்படுமுன் துறையில் விசாரித்துக்கொள்வது அவசியம். ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் கடக்கக்கூடிய தூரத்தை இது ஒரு முழுப் பகலில் கடக்கிறது. சைக்கிளில் போகிறவன் கரையில் கூடவே வந்து, சற்று நேரத்தில் முந்திச் சென்றுவிடுகிறான். முன்புறத்தில் சக்கரத்தைப் பிடித்து நிற்கும் ஸ்ராங்கு கயிற்றை இழுத்தால், கீழே இயந்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் டிரைவரின் தலைக்கு மேல் மணி ஒலிக்கிறது. அந்த மணியின் கணக்கைக் கேட்டே அவர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், பின்னோக்கிச் செலுத்துகிறார். துறை வரும்போது லஸ்கர் கயிற்றோடு கரைக்குத் தாவி, கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் படகை நிறுத்துகிறார். 1968-இல் அமைக்கப்பட்டு ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நீர்ப் போக்குவரத்துத் துறையின் சாதாரணப் படகுகளெல்லாம் இப்படித்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மீன்கூடைக்காரிகளையும் உத்தியோகஸ்தர்களையும் ஏற்றி இறக்கி வந்திருக்கின்றன. உல்லாசத்துக்கென்று வந்தவர்களும் அதே பலகையில், அதே வேகத்தில் செல்வதுதான் இதன் விசேஷம்.

ஒரு முறை எங்களோடு வந்த திருத்தங்கல் பெரியம்மா ஒருவர், தீப்பெட்டி ஆபீசில் நெடுங்காலம் அடைப்பு வேலை செய்து ஓய்ந்தவர், படகு புறப்பட்டதும் குனிந்து ஒரு கை நீரை அள்ளி நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

“ஏ ஐயா, இம்புட்டுத் தண்ணியும் உப்பாவா கெடக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“இங்கன உப்புத்தான், பெரியம்மா. கடலு பக்கத்துல இருக்கில்ல? போகப் போக நல்ல தண்ணி வரும்,” என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு துறையிலும் அவர் நீரைத் தொட்டு நாவில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். திருக்குன்னப்புழையைத் தாண்டிய பிறகுதான், “இப்ப சப்புன்னு இருக்கு,” என்று ஒப்புக்கொண்டார். சாஸ்திரக் கருவிகளை வைத்து அளக்கிறவர்களும் அந்தக் காயல்களில் அதையேதான் அளக்கிறார்கள். கடல் நீர் எதுவரை ஏறுகிறது, ஆற்று நீர் எதுவரை தள்ளுகிறது என்னும் ஒரே போராட்டத்தைச் சுற்றித்தான் அந்த நாட்டின் நெல்லும் மீனும் அமைந்திருக்கின்றன. அதைப் பெரியம்மா ஒரு பகலில் நாவாலேயே தெரிந்துகொண்டார். விரைவுப் படகில் ஒரு மணி நேரம் சுற்றி வந்தவர்களுக்கு இந்த ஞானம் கிட்டியிருக்காது.

அஷ்டமுடியை விட்டதும் படகு ஒடுங்கிய கால்வாய்க்குள் நுழைகிறது. சவறைப் பகுதியில் கருமணல் குவிந்து கிடக்கிறது. அதிலிருந்து இல்மனைட் முதலிய கனிமங்களைப் பிரிக்கிறார்கள். மேற்குக் கரையில் ஆலப்பாடு என்னும் கிராமம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடாபோல நீண்டு கிடக்கிறது. சில இடங்களில் வீடுகளின் ஒரு வரிசை, அதற்கு அப்பால் அலையோசை, அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கேரளத்தில் மிகக் கொடுமையாகத் தாக்கியது இந்த மண்ணைத்தான். தேங்காய் மட்டைகளை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட்டு, அழுகிய பின் அடித்து நார் எடுக்கும் இடங்களை நெருங்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். காலண்டர்ப் படத்தில் அந்த வாடை இல்லை. ஆனால் அந்த நாரில்தான் இந்தக் காயலின் படகுகளே கட்டப்பட்டன என்பதை அறிந்தால் அதை வெறுக்க மனம் வராது.

அந்தப் படகுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆலங்கடவு என்னும் இடம் கெட்டுவள்ளம் கட்டுவதற்குப் பேர் போனது. அயனி மரத்தின் நீண்ட பலகைகளை ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் விளிம்போடு பொருந்துமாறு வைத்து, இரு விளிம்புகளிலும் வரிசையாகத் துளையிட்டு, இணைப்பின் மேல் தென்னை நாரைத் திரித்துக் கிடத்தி, துளைகளின் வழியே கயிற்றை விட்டு இறுக்கித் தைக்கிறார்கள். இரும்பாணி ஒன்றுகூட அதில் இல்லை. தைத்த துளைகளை நாரால் அடைத்து, முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுத்த கறுத்த எண்ணெயைப் பூசுகிறார்கள். உப்பு நீரில் ஆணி துருப்பிடிக்கும், கயிறோ நீரில் ஊறி மேலும் இறுகும். கயிறு தளர்ந்தால் பிரித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். குட்டநாட்டு நெல்லையும் மலைநாட்டு மிளகையும் கொச்சிக்கு ஏற்றிச் சென்ற இந்த வள்ளங்கள், சாலையும் லாரியும் வந்த பின் வேலையிழந்து கரையில் கிடந்தன. 1990-களின் தொடக்கத்தில் அவற்றின் மேல் மூங்கிலாலும் பாயாலும் அறைகள் கட்டி, பிரயாணிகள் தங்கும் வீட்டுப் படகாக்கினார்கள். காலண்டரில் நாம் பார்க்கும் படகு அதுவே.

காயங்குளம் காயலின் விசாலத்தைக் கடந்து, திருக்குன்னப்புழையின் நீர்க்கதவையும் கடந்து சற்றுச் சென்றால் பல்லனை வளைவு வருகிறது. மலையாளத்தின் மகாகவி குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு இதே வழியில் ‘ரிடீமர்’ என்னும் படகில் இரவில் பிரயாணம் செய்துகொண்டிருந்தார். அளவுக்கு மீறிய ஜனங்களை ஏற்றிச் சென்ற அந்தப் படகு இந்த வளைவில் கவிழ்ந்தது. அவரும் இன்னும் பலரும் மாண்டார்கள். அவர் நினைவாக அந்த இடம் குமாரகோடி என்று அழைக்கப்படுகிறது. ஐம்பதாண்டுதான் வாழ்ந்த ஒரு கவிஞரை அந்த அமைதியான, அகலமும் அதிகமில்லாத நீர் விழுங்கிவிட்டதே என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. அந்த நீரில் ஆபத்து ஆழத்தினால் வருவதில்லை. மனிதர்களின் அவசரத்தினாலும் பேராசையினாலும் வருகிறது. 2002 ஜூலையில் முகம்மையிலிருந்து குமரகத்துக்குச் சென்ற படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பரில் தேக்கடியில் வனவிலங்குகளைக் காணும் ஆவலில் ஜனங்கள் எல்லோரும் ஒரே பக்கத்துக்கு ஓடியதால் படகு சாய்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே மிதவை அங்கியை மறுக்காமல் அணியுங்கள். எவ்வளவு அழகான காட்சி தோன்றினாலும் இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். கூட்டம் மிஞ்சிய படகில் ஏறாதீர்கள். பிள்ளைகளுக்கு இதைப் படகில் ஏறுமுன்பே சொல்லிவிட வேண்டும்.

தோட்டப்பள்ளியில் 1955-இல் திறக்கப்பட்ட பெரிய மதகுகள் தென்படும். வெள்ளம் வரும் காலத்தில் குட்டநாட்டு நீரைக் கடலில் தள்ளுவதற்காக அவை அமைக்கப்பட்டன. வழியில் கருமாடியில் கருங்கல்லில் செதுக்கிய புத்தர், ஒரு பக்கம் சிதைந்த நிலையிலும் சாந்தம் குலையாமல் அமர்ந்திருக்கிறார். அதன் பின் குட்டநாட்டின் வயல்கள் தொடங்குகின்றன. நம் ஊர்க் கண்களுக்கு நம்ப முடியாத காட்சி இது: படகு மேலே செல்கிறது, நெல் கீழே விளைந்திருக்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே அரை மீட்டருக்கு மேல் தொடங்கிச் சில இடங்களில் இரண்டு மீட்டர் வரை தாழ்ந்துள்ள நிலங்களில், சுற்றிலும் வரப்புக் கட்டி, உள்ளே நிற்கும் நீரைப் பெரிய மரக்குழாய்ப் பம்புகளால் இறைத்து வெளியே தள்ளிவிட்டு, நெற்போகம் விதைக்கிறார்கள். 2013-இல் உலக உணவு விவசாய நிறுவனம் இந்தச் சாகுபடி முறையை உலக அளவில் முக்கியமான விவசாயப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டது. 1940-களில் ஜோசப் முரிக்கன் என்னும் நிலக்கிழார், தென்னங்கம்பங்களைக் காயலின் அடியில் அறைந்து, இடையே மூங்கில் தட்டிகளும் களிமண்ணும் நிரப்பி, சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்னும் மூன்று பெரிய வயல்பரப்புகளை நீருக்குள்ளிருந்து மீட்டார். முழங்கால் சேற்றில் மூழ்கி மண்ணைக் கட்டி எடுத்த கூலியாட்களின் உழைப்பு அவற்றின் ஒவ்வொரு முழத்திலும் இருக்கிறது. நாம் கிணறு வெட்டி நீரைத் தேடி இறைக்கிறோம்; அவர்கள் நீரைத் துரத்தி இறைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேர்வைதான்.

ஆலப்புழையில் இறங்கியதும் வீட்டுப் படகுத் தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஓரிரவு அதில் தங்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. முதியவர்களுக்கு அது சௌகரியமே. ஆனால் மீனவர்கள் இரவில் வலை விரிப்பதற்காக மாலையோடு வீட்டுப் படகுகளின் ஓட்டத்தை நிறுத்திக் கரையில் கட்டிவிட வேண்டுமென்பது விதி; ஆகையால் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி நின்ற படகின் குளிர்சாதன அறையில் உறங்குவதற்கே செலவாகிறது. அந்தப் படகுகளின் எண்ணெயும் கழிவும் சேரும் நீரில்தான் குட்டநாட்டார் குளிக்கிறார்கள், பாத்திரம் துலக்குகிறார்கள். கழிவை முறையாகச் சேகரித்து ஒப்படைக்கும் படகா என்று கேட்டுவிட்டே அமர்த்துங்கள். என் அபிப்பிராயத்தில், மறுநாள் காலையில் ஆலப்புழையிலிருந்து கோட்டயம் செல்லும் சாதாரணப் பிரயாணிப் படகில் ஏறுவதே உத்தமம். இரண்டரை மணி நேரத்தில், பஸ் கட்டணம் போன்ற சொற்பப் பணத்தில், வேம்பநாட்டின் ஓரத்தையும் தாழ்ந்த வயல்களையும் வீடுகளின் பின்வாசல்களையும் காட்டிவிடுகிறது. வைக்கம் பக்கம் போகிறவர்கள், 2017 ஜனவரி முதல் அங்கே ஓடும் ‘ஆதித்யா’ என்னும் சூரியசக்திப் படகையும் பார்க்கலாம். நம் தேசத்தில் சூரிய ஒளியால் ஓடும் முதல் பிரயாணிப் படகு அதுவே. வெயிலுக்குக் குறைவில்லாத நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அது தனியான சந்தோஷத்தைக் கொடுக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இப்படியொரு நீர்வழி இருந்தது. காக்கிநாடாவிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டிச் சென்ற கால்வாய்த் தொடரில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய தோணிகள் சென்றன. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த ஜனங்களுக்குக் கூலி கொடுப்பதற்காகச் சென்னை நகருக்குள் அதை வெட்டி இணைத்தார்கள். அன்றைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாயாயிற்று. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இரவு முழுதும் தோணியில் போய் விடியற்காலையில் இறங்குவது எழுத்தாளர்களுக்கும் கவிஞர்களுக்கும் வழக்கமாயிருந்தது. பாரதிதாசன் அத்தகைய பிரயாணம் ஒன்றையே பாடலாக்கினார். புயல்களும் புறக்கணிப்பும் சாக்கடையும் சேர்ந்து அதைக் கொன்றன; பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் மேல் ஊன்றப்பட்டன. எஞ்சியிருப்பது சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரம்: சுரபுன்னைக் காடுகளின் வளைவுகளுக்குள் துடுப்புப் படகில் சில மணி நேரம் செல்லலாம். அதையும் காண வேண்டியதுதான். ஆனால் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நீர்மேலேயே போய்ச் சேர்கிற அனுபவத்துக்கு நாம் மலை தாண்டியே ஆக வேண்டும்.

எப்போது போவது என்று கேட்பார்கள். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் அடைத்திருக்கும் நாட்களில்தான் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஓய்வு. ஆனால் அப்போது அங்கே பிற்பகல்தோறும் இடியோடு மழை வரக்கூடும். மார்கழியும் தையும் மிகச் சிறந்தவை; மாசியின் தொடக்கம் வரைகூடத் தாழ்வில்லை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழையின் உக்கிரம் இருக்கும். நேரு கோப்பைப் பாம்புப் படகுப் போட்டியைக் காணும் உத்தேசம் உள்ளவர்கள் மட்டும் ஆகஸ்டில் போகலாம். 2018 ஆகஸ்டில் குட்டநாடு முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியதையும், வயல்வரப்புகள் உடைந்து வீடுகளுக்குள் ஆள் உயரத்துக்கு நீர் நின்றதையும் படகுக்காரர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கேளுங்கள், சொல்லுவார்கள்.

காட்சிக்காக மட்டுமல்லாமல் வேறொரு காரணத்துக்காகவும் இந்தப் பிரயாணம் நமக்கு அவசியம். வேம்பநாட்டில் வந்து விழும் ஆறுகளில் பம்பையும் அச்சன்கோவிலும் உண்டு. அவ்விரண்டின் நீரில் ஒரு பகுதியை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி வைப்பாற்று வடிநிலத்துக்குக் கொண்டுவரலாம் என்று தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995-இல் சாத்தியக்கூறு அறிக்கை தயாரித்தது. ஆண்டுக்கு 63.4 கோடி கன மீட்டர் நீர், அதனால் நம் பக்கத்தில் சுமார் 91,400 ஹெக்டேர் பாசனம் என்பது அதன் கணக்கு. சாத்தூர், ராஜபாளையம் வட்டாரத்து விவசாயிகள் இந்த நீருக்காக எத்தனையோ ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். கேரளம் இதற்கு இணங்கவில்லை. அந்த ஆறுகளின் நீர் குறைந்தால் உப்பு மேலேறிக் குட்டநாட்டை அழித்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த உப்பைத் தடுப்பதற்காகவே 1970-களில் தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே ஒரு பெரிய தடுப்பணையைக் கட்டி, மார்கழி முதல் சில மாதங்கள் அதை மூடி வைக்கிறார்கள். மூடுவதால் நெல்லுக்கு நன்மையும் மீனுக்குத் தீமையும் உண்டாகி, விவசாயிக்கும் மீனவனுக்கும் ஆண்டுதோறும் வழக்கு நடக்கிறது.

இந்த வாதத்தை நம் பக்கத்தில் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் குட்டநாட்டைக் கண்டதில்லை; அங்கே பேசுகிறவர்கள் கோடையில் அர்ச்சுனா நதியைக் கண்டதில்லை. அரசாங்கங்கள் கோப்புகளை அனுப்பிக்கொள்வது ஒரு புறம் இருக்கட்டும். விருதுநகர் மாவட்டத்து விவசாயச் சங்கத்தார் சிலர் மார்கழியில் கொல்லத்தில் படகேறி, நீர் எங்கே உப்பாயிருக்கிறது, எங்கே இனிக்கத் தொடங்குகிறது என்று திருத்தங்கல் பெரியம்மாவைப்போல நாவில் வைத்துப் பார்த்துக்கொண்டே ஆலப்புழை வரை போய், தண்ணீர்முக்கத்துக் கதவுகளின் மேல் நின்று அந்த ஊர் விவசாயிகளோடு பேசிவிட்டு வரட்டும். பங்குனியில் அந்தக் குட்டநாட்டு விவசாயிகளில் சிலரை நாம் அதே ரயிலில் வரவழைத்து, ஆனைக்குட்டம் அணையின் ஷட்டர்களுக்கு முன்னே அழைத்துப் போய், உள்ளே வெடித்துக் கிடக்கும் வண்டலைக் காட்டுவோம். விருதுநகரில் குடிநீருக்காகக் குடங்கள் காத்திருக்கும் தெருக்களையும் காட்டுவோம். அவ்வளவு தெரிந்தவர்கள் இரு பக்கத்திலும் நூறு பேர் இருந்தால், பம்பை நீரைப் பற்றிய பேச்சு இப்போது இருக்கிற இடத்தில் நிற்காது.